ட்ரிம்மரில் வெட்டும் வட்டம், தொடங்கிய இடத்தில் ஏன் வந்து சேருவதில்லை?

வட்டம் வெட்டும் ஜிக்கை (வெட்டும் கருவியை வழிநடத்தும் துணைச் சட்டத்தை) கடையில் வாங்கலாமா, வீட்டிலேயே செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்விக்குக் கீழே எழுதியிருப்பதைப் பார்த்தால் சிக்கல் வேறு. ஜிக் ஏற்கெனவே செய்துவிட்டீர்கள். 6 மி.மீ. பிளைவுட் பட்டை, ஒரு முனையில் ட்ரிம்மர் (பிட் என்ற வெட்டும் பல்லை வேகமாகச் சுழற்றும் சின்னக் கைக்கருவி), மறுமுனையில் மையத்துக்கு 2 அங்குல ஆணி. 4 அடி வட்ட மேசைக்காக 18 மி.மீ. பிளைவுட்டில் ஓட்டியிருக்கிறீர்கள். சுற்றி வந்தபோது தொடங்கிய இடத்தில் சேராமல் ஒன்றரை மில்லி விலகி நிற்கிறது. வயர் எட்டாததால் பாதி வட்டத்தை ஒரு திசையிலும் மீதியை எதிர்த் திசையிலும் வெட்டினேன் என்று போகிறபோக்கில் ஒரு வரியும் இருக்கிறது. ஆக, நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது வட்டம் ஏன் சேரவில்லை, சேரும்படி எப்படிச் செய்வது என்பதுதான். வட்ட மேசையும் ஸ்பீக்கர் பெட்டியும் என் பட்டறைக்கு அடிக்கடி வரும் வேலைகள். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

முதலில் ஒரு நல்ல செய்தி. உங்கள் பட்டை மெலிதாக இருப்பது குற்றமில்லை. நீங்கள் அதைத்தான் சந்தேகப்பட்டு 18 மி.மீ. பட்டைக்கு மாறலாமா என்று யோசிக்கிறீர்கள், வேண்டாம். பட்டை பலகைமேல் படுத்தே கிடக்கிறது. அதன்மேல் வரும் இழுப்பும் தள்ளலும் நீளவாக்கில்தான். அந்தத் திசையில் 6 மி.மீ. பிளைவுட் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு நீளவோ சுருங்கவோ செய்யாது. வட்டம் என்பது மையத்துக்கும் பிட்டுக்கும் நடுவிலுள்ள தூரம் மாறாமல் இருப்பது, அவ்வளவுதான். ஒரே சுற்றுக்குள் அந்தத் தூரம் மாற இரண்டே இடங்கள் உண்டு: ட்ரிம்மரைப் பட்டையோடு பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள், மையத்து முள். உங்கள் விவரத்தில் முள் என்பது ஓர் ஆணி. 2 அங்குல ஆணியின் தடிமன் ஏறக்குறைய 3 மி.மீ. அதற்கு 4 மி.மீ. துளை போட்டிருந்தால் 1 மி.மீ. ஆட்டம் அங்கேயே வந்துவிட்டது. மீதி அரை மில்லிக்கு ஆணி கொஞ்சம் சாய்ந்து கொடுத்தால் போதும்.

ஆட்டம் இருந்தாலும் முழு வட்டத்தையும் ஒரே திசையில் ஓட்டியிருந்தால் அது இவ்வளவு வெளியே தெரிந்திருக்காது. மேலிருந்து பார்த்தால் பிட் கடிகார முள் திசையில் சுழல்கிறது. பிட் போகும் பாதையில் முன்னால் இருக்கும் மரத்தை அதன் பற்கள் இடமிருந்து வலமாக வெட்டும். மரம் பிட்டைத் திருப்பி இடப்பக்கம் தள்ளும். நீங்கள் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுற்றும்போது மையம் உங்கள் இடப்பக்கம் இருக்கும். எனவே ட்ரிம்மர் மையத்தை நோக்கித் தள்ளப்படும். கடிகார முள் திசையில் சுற்றினால் மையம் வலப்பக்கம். ட்ரிம்மர் மையத்தை விட்டு விலகப் பார்க்கும். பாதியை ஒரு பக்கமாகவும் பாதியை மறுபக்கமாகவும் வெட்டினால், ஒரு பாதியில் ஆட்டம் முழுக்க உள்ளே போகிறது, இன்னொரு பாதியில் முழுக்க வெளியே வருகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் படி விழாமல் எப்படி இருக்கும்?

இதில் எது உறுதி, எது ஊகம் என்பதைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். திசை மாறினால் தள்ளும் பக்கமும் மாறும் என்பது உறுதி; எந்த ட்ரிம்மரானாலும் இப்படித்தான். ஆட்டம் ஆணியிலா, ஸ்க்ரூவிலா என்பது உங்கள் ஜிக்கைக் கையில் பிடித்துப் பார்க்காமல் நான் சொல்வது ஊகம்தான். ஆணி என்று நினைக்கிறேன். நீங்களே கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. ஒரு கழிவுப் பலகையில் 1 மி.மீ. ஆழத்துக்கு மட்டும் ஒரு முழு வட்டம் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் ஓட்டுங்கள். ஆழத்தை மாற்றாமல் அதே பள்ளத்தில் இன்னொரு சுற்று கடிகாரத் திசையில் ஓட்டுங்கள். பிறகு பள்ளத்தின் அகலத்தை வெர்னியரில் அளங்கள். 6 மி.மீ. பிட்டுக்குப் பள்ளம் 7.2 இருந்தால் உங்கள் ஜிக்கின் மொத்த ஆட்டம் 1.2 மி.மீ. இப்போது ட்ரிம்மரின் ஸ்க்ரூக்களை நன்றாக முறுக்கிவிட்டு, புது இடத்தில் மறுபடி செய்யுங்கள். எண் குறையாவிட்டால் குற்றவாளி முள்தான்.

சரி, புது ஜிக். பொருளுக்கு 6 மி.மீ. ஹைலம் ஷீட் (பிசின் ஊட்டி அழுத்திய கெட்டித் தகடு) கிடைத்தால் அதுவே என் முதல் தேர்வு. வழுக்கிக்கொண்டு போகும், துளை தேய்ந்து அகலாது. கிடைக்காவிட்டால் நல்ல தரமான பிளைவுட், ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட்டின் 6 மி.மீ. துண்டு போதும். உள்ளே ஓட்டை உடைசல் இல்லாமல் அடுக்குகள் ஒட்டியிருப்பதுதான் நமக்கு வேண்டியது. அக்ரிலிக்கும் ஆகும், ஆனால் ஸ்க்ரூவை அதிகம் முறுக்கினால் விரிசல் விடும். எம்டிஎஃப் வேண்டவே வேண்டாம். முள் துளை இரண்டு மூன்று சுற்றிலேயே நெகிழ்ந்துவிடும். ட்ரிம்மர் உட்காரும் இடத்தில் அதன் பேஸ் (அடித்தட்டு) அகலம் இருக்கட்டும், மறுமுனையை 50 மி.மீ. வரை ஒடுக்கிக்கொள்ளலாம். நீளம், வேண்டிய ஆரத்தைவிட ஒரு சாண் கூடுதலாக.

ட்ரிம்மரின் அடியில் உள்ள பிளாஸ்டிக் தட்டைக் கழற்றி, அதையே பட்டைமேல் டபுள் சைடு டேப்பால் ஒட்டி, ஸ்க்ரூ துளைகளைக் குறித்துத் துளையிடுங்கள். ஸ்க்ரூத் தலை பட்டைக்குள் முழுக்க இறங்கும்படி கவுன்டர்சிங்க் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் மேசைமேல் வட்டக் கீறல் விழும். பழைய ஸ்க்ரூ நீளம் பெரும்பாலும் பற்றாது. ஒன்றைக் கையோடு எடுத்துப்போய் அதே மரையில் நீளம் கூடுதலாக வாங்குங்கள். கிட்டத்தட்டப் பொருந்தும் ஸ்க்ரூவை வலுக்கட்டாயமாக முறுக்கினால் பேஸின் அலுமினிய மரை போய்விடும், பிறகு அந்த ட்ரிம்மரில் எதுவும் நிற்காது. பிட்டுக்கான துளையை 25 மி.மீ. அளவில் போடுங்கள். அது மையமாக வரவில்லையே என்று கவலைப்படாதீர்கள். முள்ளும்கூடப் பட்டையின் நடுக்கோட்டில் இருக்கவேண்டிய அவசியமில்லை. முள்ளுக்கும் பிட்டுக்கும் உள்ள தூரம் ஒன்றுதான் கணக்கு. இது புரிந்துவிட்டால் ஜிக் செய்வதில் பாதிப் பதற்றம் போய்விடும்.

உங்கள் நேரத்தையெல்லாம் முள்ளுக்குக் கொடுங்கள். ஆணி வேண்டாம், முழுக்க மரையுள்ள போல்ட்டும் வேண்டாம். 6 மி.மீ. போல்ட் என்று விற்பது அளந்தால் 6-க்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும். அதன் மரை துளையை அரம் மாதிரி அராவவும் செய்யும். மழமழப்பான வட்டக் கம்பிதான் சரி. பல் மழுங்கிப்போன 6 மி.மீ. ரூட்டர் பிட்டின் தண்டை அறுத்தெடுத்தால் அதைவிடத் துல்லியமான முள் கிடைக்காது. பாதி மட்டும் மரையுள்ள போல்ட்டின் வழுவழுப்பான பகுதியும் ஆகும். துளையை முதலில் 5.5 மி.மீ.யில் போட்டு, பிறகு 6 மி.மீ. டிரில் பிட்டை மெதுவாக இறக்குங்கள். டிரில் ஸ்டாண்ட் இல்லாவிட்டால், ஒரு கட்டை மரத்தில் நேராகப் போட்ட துளையை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். கையில் பிடித்துப் போடும் துளை கொஞ்சமாவது சாய்ந்து, முட்டை வடிவில் அகன்றுவிடும். முள்ளைக் கையால் அழுத்தினால் இறுக்கமாக இறங்க வேண்டும், விரலால் சுழற்றினால் சுழல வேண்டும். ஆட்டிப் பார்த்தால் சத்தம் வரக்கூடாது.

அளவுக்கு வருவோம். 8×4 பிளைவுட் ஷீட்டின் அகலம் 1220 மி.மீ. அதில் சரியாக 4 அடி, அதாவது 1219 மி.மீ. வட்டம் எடுக்க நினைத்தால் பிட் ஷீட்டுக்கு வெளியே ஓட வேண்டியிருக்கும். மையம் அரை மில்லி தவறினாலும் ஓர் ஓரம் தட்டையாகிவிடும். 1200 என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 மி.மீ. பிட் இரண்டு பக்கமும் சேர்த்து 1212 எடுக்கும், ஓரத்தில் 4 மி.மீ. மிஞ்சும். மேசையில் உட்காருபவருக்கு அந்த 19 மி.மீ. தெரியப்போவதில்லை. ஆரம் 600. இந்த 600, முள்ளின் மையத்திலிருந்து பிட்டின் உள்பக்கப் பல் வரை இருக்கவேண்டும். முள் 6 மி.மீ. என்றால், முள்ளின் வெளி விளிம்பிலிருந்து பல் வரை 597 என்று அளப்பது எளிது. ஓட்டை வெட்டுவதானால் பிட்டின் வெளிப்பக்கப் பல்லைக் கணக்கில் எடுக்கவேண்டும். இந்த இரண்டையும் மாற்றிப் பிடித்தால் விட்டத்தில் 12 மி.மீ. வித்தியாசம் வந்துவிடும். அளக்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிட்டைக் கையால் திருப்பி, பல் முள்ளைப் பார்த்து நிற்கும் நிலையில் அளங்கள். கடைசித் தீர்ப்பு எப்போதும் கழிவுப் பலகையில் போடும் சோதனைப் பள்ளம்தான். டேப்பின் முனைக் கொக்கியே அரை மில்லி ஏமாற்றும்.

பிட்டின் நீளத்தையும் இப்போதே பார்த்துவிடுங்கள். பட்டை 6, மேசை 18, ஆக 24 மி.மீ. பிட் பேஸுக்கு வெளியே நீள வேண்டும். இதனால்தான் 18 மி.மீ. பட்டை வேண்டாம் என்றேன். அது பிட்டின் நீளத்தைத் தின்றுவிடும். பிட் எட்டவில்லை என்று காலெட்டிலிருந்து (பிட்டின் தண்டைப் பிடிக்கும் வாயிலிருந்து) வெளியே இழுத்து வைக்காதீர்கள். நிமிடத்துக்கு 30,000 சுற்றில் சுழலும் கருவி அது. தண்டு குறைந்தது 20 மி.மீ. காலெட்டுக்குள் இருக்கட்டும், அடிவரை முட்டாமல் 2 மி.மீ. மேலே தூக்கி முறுக்குங்கள். நம் ஊர்க் கடைகளில் 6 மி.மீ. தண்டும் கால் அங்குலத் தண்டும் ஒரே பெட்டியில் கலந்து கிடக்கும். கால் அங்குலம் என்றால் 6.35 மி.மீ. அது 6 மி.மீ. காலெட்டில் நுழையாது, ஆபத்தில்லை. ஆனால் 6 மி.மீ. தண்டு கால் அங்குலக் காலெட்டில் நுழைந்துவிடும், முறுக்கினால் பிடித்த மாதிரியும் இருக்கும், ஓடும்போது நழுவும்.

வெட்டும் முறை. மேசையின் நல்ல முகத்தைக் கீழே போட்டு, பின்பக்கத்திலிருந்து வெட்டுங்கள். மையத் துளை அடியில் மறைந்துவிடும். டிரில் பிட்டில் 10 மி.மீ. உயரத்தில் டேப் சுற்றிக்கொண்டால் துளை மறுபக்கம் வராது. அடியில் ஒரு கழிவுப் பலகை கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் பிட் வெளியேறும் இடத்தில் நல்ல முகத்தின் வெனீர் (மேல் மெல்லடுக்கு) பிய்யும். மைக்கா ஒட்டும் எண்ணம் இருந்தால் வட்டம் வெட்டிய பிறகு ஒட்டி, பேரிங் பிட்டால் (ஓரத்தை ஒட்டி உருளும் பேரிங் உள்ள பிட்) ஓரத்தை ட்ரிம் செய்யுங்கள். முதலிலேயே ஒட்டிவிட்டு இவ்வளவு சுற்று வெட்டினால் பிட் சீக்கிரம் மழுங்கும்.

ட்ரிம்மரில் பிளஞ்ச் கிடையாது, ஓடும் பிட்டைப் பலகைக்குள் நேராக இறக்க முடியாது. அதற்கு ஒரு தொடக்கத் துளை போடுங்கள். கழிவு மரம் தாராளமாக இருக்கும் மூலைப் பக்கத்தில், மையத்திலிருந்து 605 மி.மீ.யில் 10 மி.மீ. துளை. அதன் உள்விளிம்பு சரியாக 600-இல் வந்து நிற்கும். அரை மில்லி வெளியே தள்ளினாலும் தப்பில்லை, உள்ளே வந்துவிடக்கூடாது. ஒவ்வொரு சுற்றுக்கும் பிளக்கைப் பிடுங்கி ஆழத்தை மாற்றி, பிட்டை அந்தத் துளைக்குள் நிறுத்தி, பிறகு ஸ்விட்ச் போட்டு நகருங்கள்.

முதல் சுற்று 1 மி.மீ. மட்டும், மேல் வெனீரைச் சுத்தமாக வெட்டிவிட. அப்புறம் சுற்றுக்கு 3 மி.மீ. மேசை வட்டத்துக்கு எல்லாச் சுற்றும் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில். அப்போது வட்டின் ஓரத்தில் பிட் மரத்தை எதிர்த்து வெட்டும், முன்னால் பாயாது. ஓட்டையின் ஓரம்தான் முக்கியம் என்றால் கடிகாரத் திசை. எதை எடுத்தாலும் நடுவில் மாற்றாதீர்கள். 1200 விட்டத்துக்கு ஒரு சுற்று 3.77 மீட்டர். 7 சுற்று என்றால் 26 மீட்டருக்கு மேல் பிட் மரத்துக்குள் ஓடுகிறது. சின்ன மோட்டாருக்கு இது பெரிய வேலை, நடுநடுவே ஆறவிடுங்கள். வயரைப் பொறுத்தவரை, மேலே மின்விசிறிக் கொக்கி இருந்தால் எக்ஸ்டென்ஷன் வயரை அதிலிருந்து தொங்கவிடுங்கள். மேசையை ஒரு முழுச் சுற்று சுற்றி வந்தாலும் காலில் சிக்காது, பாதியில் திசை மாற்றவும் வேண்டியிருக்காது. கண்ணாடியும் முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள்; பள்ளத்திலிருந்து தூள் நேராக முகத்துக்குத்தான் வரும்.

கடைசிச் சுற்றில்தான் விபத்து வரும். மரம் அறுபட்டு விடுபடும் நொடியில் ஏதோ ஒரு துண்டு நகர்ந்து பிட்டில் மாட்டும். வட்டு வெட்டும்போது விடுபடுவது நான்கு மூலைக் கழிவுகள். அவற்றையும் கழிவுப் பலகையோடு டபுள் சைடு டேப்பால் ஒட்டிவிடுங்கள். ஓட்டை வெட்டும்போது விடுபடுவது முள் குத்தியிருக்கும் நடுத்துண்டே. அது அசைந்தால் மையமே போய்விடும். அதைக் கழிவுப் பலகையோடு ஸ்க்ரூ போட்டே பிடிக்கவேண்டும். இவ்வளவு பயமாக இருந்தால் 1 மி.மீ. மிச்சம் வைத்து நிறுத்தி, கழிவை ஜிக்சா ரம்பத்தால் அறுத்துவிட்டு, ஒட்டியிருக்கும் தோலைப் பேரிங் பிட்டால் எடுக்கலாம். முதல் தடவைக்கு நான் இதையே சொல்வேன்.

இதே வட்டத்தைத் தேக்குப் பலகைகளை ஒட்டிச் செய்வதானால் ஒரு விஷயம் கூடுதல். வட்டத்தைச் சுற்றும்போது இழையின் போக்கு மாறிக்கொண்டே இருக்கும். இழைக்கு எதிராகப் பிட் போகும் இடங்களில் ஓரம் பிய்யப் பார்க்கும், இழை முனைகளில் கருகும். அங்கே சுற்றுக்கு 2 மி.மீ.க்கு மேல் எடுக்காதீர்கள், ஓரிடத்தில் நிற்காதீர்கள். பிளைவுட் போலன்றி, கட்டை மரம் மழையிலும் வெயிலிலும் இழைக்குக் குறுக்கே விரிந்து சுருங்கும். இந்த அளவு மேசை அடுத்த கோடையில் சில மில்லி நீள்வட்டமாக இருக்கலாம். கால் மில்லிக்காக அங்கே மெனக்கெட வேண்டாம்.

கடை ஜிக்கைப் பற்றிக் கேட்டீர்கள். ட்ரிம்மரோடு வரும் நேர்வெட்டு வழிகாட்டியையே திருப்பிப் போட்டுச் சின்ன வட்டம் வெட்டும் வசதி சில மாடல்களில் இருக்கிறது, கையேட்டைப் பாருங்கள். மேசை அளவுக்கு அது எட்டாது. நீளக் கம்பியோடு வரும் கடை ஜிக்குகளில் அளவை நகர்த்தி மாற்றலாம் என்பது வசதி. நகரும் ஒவ்வொரு இணைப்பும் ஆட்டத்துக்கு இன்னொரு இடம் என்பது அதன் விலை. ஒரு மேசைக்கு ஒரே துளையுள்ள பட்டைதான் நம்பகமானது. ஸ்பீக்கர் பெட்டி மாதிரி பல அளவுகள் வெட்டுவோருக்கும் ஒரே பட்டையில் பல துளைகள் போதும். துளைகள் ஒரே கோட்டில் இருக்கத் தேவையில்லாததால், இரண்டு மில்லி வித்தியாசத்துக்குக்கூடப் பக்கத்தில் தள்ளி இன்னொரு துளை போட்டுக்கொள்ளலாம். ஸ்பீக்கர் வளையம் பலகைக்குள் அமர்ந்து சமமாக நிற்கவேண்டுமானால், அந்தப் பெரிய பள்ளத்தை முதலில் வெட்டிவிட்டு, பிறகே உள்ளே முழு ஓட்டை. ஓட்டையை முதலில் வெட்டிவிட்டால் முள் குத்த மையம் இருக்காது.

புது முள் போட்டு, ஒரே திசையில் ஓட்டிய பிறகும் ஏதாவது குறை தெரிந்தால், அது எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். மேலிருந்து பார்க்கும்போது சேருமிடத்தில் படி இருந்தால் இன்னும் ஆட்டம் மிச்சம் இருக்கிறது. மேலே சரியாகச் சேர்ந்து, பக்கவாட்டில் ஓரத்தைத் தடவும்போது அடுக்கடுக்காக வரிகள் நகத்தில் தட்டினால் ஜிக்கில் தவறில்லை. ட்ரிம்மரின் ஆழத்தை மாற்ற ஒவ்வொரு முறை பேஸைத் தளர்த்தி முறுக்கும்போதும் மோட்டார் கொஞ்சம் இடம் மாறி உட்காருகிறது. அதற்கு ஜிக்கைத் திருத்திப் பயனில்லை. முதலிலேயே ஆரத்தை 601-க்கு வைத்து எல்லாச் சுற்றையும் முடித்துவிட்டு, பட்டையில் 600-க்கு இன்னொரு துளை போட்டு, முழு ஆழத்தில் ஒரே சுற்று ஓட்டினால் அந்த வரிகள் எல்லாம் ஒன்றாகப் போய்விடும்.